வயர்ஷார்க்கில் பேக்கப் முழுவதும் ஒரே எல்பிஏவில் எழுதுவது போலத் தெரிகிறது, யாராவது இப்படிப் பார்த்ததுண்டா?

தெம்பனிஸ் தம்பி

வணக்கம் எல்லாருக்கும். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நெட்வொர்க் குழுவில் இருக்கிறேன், ஸ்டோரேஜ் என் பக்கம் இல்லை. சிங்கப்பூரில், தாய் செங்கில் ஒரு லினக்ஸ் பேக்கப் சர்வர், அது ஐஸ்கஸி (ஸ்கஸி என்னும் சேமிப்புச் சாதனக் கட்டளைகளை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) வழியாக ஜூரோங்கில் இருக்கும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்கு ராத்திரி முழுவதும் எழுதுகிறது. விடியற்காலையில் முடிய வேண்டிய வேலை இப்போது ஆபீஸ் நேரம் வரை இழுக்கிறது. வழக்கம் போல எல்லாரும் நெட்வொர்க்கைக் கை காட்டிவிட்டார்கள். சரி, பார்ப்போம் என்று கேப்சர் (வயரில் போகும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுத்து, அதை விரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்தேன். ரீட்ரான்ஸ்மிஷன் பெரிதாக இல்லை, விண்டோவும் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் ஸ்கஸி கட்டளைகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ரைட்(6), எல்பிஏ (டிஸ்க்கில் பிளாக்கின் முகவரி எண்) 1024, நீளம் 0. அடுத்ததும் ரைட்(6), எல்பிஏ 1024, நீளம் 0. ஆயிரக்கணக்கில் இதே வரி. நடுநடுவே பெயரில்லாத ஒரு கட்டளை வருகிறது, அதன் ஆப்கோட் (கட்டளை எண்) ஹெக்ஸில், அதாவது பதினாறடி எண்முறையில், 10. அதன் பின்னால் உடனே ஒரு ப்ரீஃபெட்ச்(10), எல்பிஏ 0. அப்புறம் மறுபடி அதே 1024.

ஸ்டோரேஜ் விற்றவர்களின் ஆதரவுப் பிரிவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "உங்கள் பேக்கப் மென்பொருள் ஒரே பிளாக்கைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிறது, அவர்களிடம் கேளுங்கள்" என்று பதில் வந்தது. பேக்கப் குழுவோ ரீஸ்டோர் சோதனை எல்லாம் சரியாக வருகிறது என்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதினால் ரீஸ்டோர் எப்படி வரும்? எனக்கு இதுதான் புரியவில்லை.

கோப்பி கோசோங்

பெட்டி டீடூப் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் வைப்பது) செய்கிறதா? அப்படியானால் எல்பிஏ 1024இல் ஏதோ இண்டெக்ஸ் வைத்திருக்கும், அதை அடிக்கடி புதுப்பிக்கும். இல்லையென்றால் வயர்ஷார்க் போர்ட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும். ரைட் கிளிக் செய்து டிகோட் ஆஸ் போய் ஐஸ்கஸி என்று மாற்றிப் பாருங்கள்.

தெம்பனிஸ் தம்பி

போர்ட் 3260தான் அண்ணே, தானாகவே ஐஸ்கஸி என்று எடுத்துக்கொள்கிறது. டிகோட் ஆஸ் போட்டாலும் அதே வரிகள்தான். டீடூப் இண்டெக்ஸ் என்றால் மற்ற தரவு எங்கே போகிறது? எல்லா ரைட்டுமே 1024 அல்லவா.

செங்காங் செல்வி

தம்பி, மரத்தில் விரித்துக் காட்டும் பெயர்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கீழே ஹெக்ஸ் பகுதியில் இருக்கும் பைட்டுகளை அப்படியே தாருங்கள். ஒரு ரைட் கட்டளையை எடுத்து இரண்டு இடம் மட்டும் பாருங்கள்.

ஐஸ்கஸி கட்டளையின் அடிப்படைத் தலைப்பு 48 பைட். முதல் பைட் ஐஸ்கஸியின் சொந்த ஆப்கோட், ஸ்கஸி கட்டளை என்றால் 01. அதிலிருந்து பூஜ்யம் என்று எண்ணத் தொடங்கி 20 முதல் 23 வரை நான்கு பைட்டுகள், எவ்வளவு தரவு போக வேண்டும் என்று சர்வர் சொல்லும் அளவு. 32இலிருந்து கடைசி வரை 16 பைட்டுகள் சிடிபி, அதாவது உண்மையான ஸ்கஸி கட்டளை. ஆறு பைட் கட்டளையாக இருந்தால் மீதியில் பூஜ்யம்தான் நிரம்பியிருக்கும். இந்த இரண்டையும் ஒட்டுங்கள். அதற்குமேல் எதையும் ஒட்ட வேண்டாம், பின்னால் வருவது உங்கள் கம்பெனியின் தரவு.

தெம்பனிஸ் தம்பி

இதோ அக்கா.

20 முதல்: 00 04 00 00
சிடிபி: 0ஏ 00 04 00 00 00

பெயரில்லாத கட்டளையின் சிடிபி: 10 00 00 00 01 00
அதன் பின்னால் வருவது: 34, அதற்குப் பிறகு முழுக்கப் பூஜ்யம்.

டேப் தாத்தா

தம்பி, அந்தப் பெட்டி டிஸ்க் இல்லை. அது டேப். உண்மையான டேப்போ, டேப் வேஷம் போட்ட டிஸ்க்கோ, அதைப் பேக்கப் குழுவிடம் கேட்டுக்கொள். ஆனால் பேசுகிற மொழி டேப் மொழி. பந்தயம் வேண்டுமானால் தேக்காவில் ஒரு தேநீர்.

எப்படிச் சொல்கிறேன் என்று கேட்டால், முதலில் அந்த ரைட்(6) என்ற பெயரிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். டிஸ்க்குக்கான ஆறு பைட் கட்டளையில் எல்பிஏவுக்கு 21 பிட்தான் இடம். 512 பைட் பிளாக் என்றால் முதல் 1 ஜிபி வரைதான் எட்டும். இன்றைக்கு லினக்ஸ் ஒரு டிஸ்க்குக்கு எழுதினால் ரைட்(10) அனுப்பும், ஆப்கோட் 2ஏ. 2 டெராபைட்டைத் தாண்டினால் ரைட்(16), அது 8ஏ. இந்தக் காலத்தில் 0ஏ ஓயாமல் வந்தால் மறுமுனையில் டேப் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்போது உன் பைட்டுகளுக்கு வா. 0ஏ 00 04 00 00 00. டிஸ்க் அகராதியை வைத்து வாசித்தால், இரண்டாவது பைட்டின் கடைசி ஐந்து பிட்டும் அடுத்த இரண்டு பைட்டும் சேர்ந்து எல்பிஏ: 00 04 00, அதாவது 1024. ஐந்தாவது பைட் நீளம்: 00. டிஸ்க் விதிப்படி அந்த 00 என்பது 256 பிளாக் என்று பொருள், சும்மா பூஜ்யம் இல்லை. ஆக வயர்ஷார்க் காட்டிய வரி அந்த அகராதிப்படி சரியே.

டேப் அகராதியில் அதே ஆப்கோட் 0ஏவும் ரைட்(6)தான், ஆனால் உள்ளே அமைப்பு வேறு. டேப்பில் எல்பிஏ என்ற முகவரியே இந்தக் கட்டளையில் கிடையாது, தலை எங்கே நிற்கிறதோ அங்கே எழுதும். இரண்டாவது பைட்டின் கடைசி பிட், பிளாக் அளவு நிலையானதா மாறக்கூடியதா என்று சொல்லும். இங்கே 0, மாறக்கூடியது. அடுத்த மூன்று பைட்டும் சேர்ந்து நீளம்: 04 00 00, அதாவது 2,62,144 பைட். 256 கேபி. ஒரு பேக்கப் பிளாக்குக்கு ரொம்பச் சாதாரணமான அளவு.

எது சரி என்று தீர்ப்பது செல்வி கேட்ட அந்த நான்கு பைட். 00 04 00 00. அதுவும் 2,62,144. டிஸ்க் கணக்குப்படி 256 பிளாக் பெருக்கல் 512, வருவது 1,31,072. பாதிதான், பொருந்தவில்லை. டேப் கணக்கு பைட் பிசகாமல் பொருந்துகிறது.

மற்ற இரண்டும் இதையே சொல்கின்றன. ஆப்கோட் 10 டேப்பில் ரைட் ஃபைல்மார்க்ஸ், அதாவது பிரிப்புக் குறி போடுவது, டிஸ்க் பட்டியலில் அதற்கு இடமில்லை, அதனால்தான் பெயரில்லாமல் நின்றது. 34 டிஸ்க்கில் ப்ரீஃபெட்ச்(10), டேப்பில் ரீட் பொசிஷன், அதாவது "நான் இப்போது எந்த பிளாக்கில் நிற்கிறேன்?" என்ற கேள்வி. ஃபைல்மார்க் போட்டுவிட்டு எங்கே நிற்கிறோம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது பேக்கப் மென்பொருளின் பழக்கம். யாரும் எதையும் அழித்து எழுதவில்லை, ரீஸ்டோர் வராமல் வேறென்ன செய்யும்.

தெம்பனிஸ் தம்பி

தாத்தா!!! பேக்கப் குழுவிடம் இப்போதுதான் கேட்டேன். "ஆமாம், விர்ச்சுவல் டேப் லைப்ரரி, உனக்குத் தெரியாதா?" என்கிறார்கள். எனக்கு வந்த டிக்கெட்டில் "ஸ்டோரேஜ் டார்கெட்" என்று மட்டும்தான் இருந்தது. தேநீர் என் கணக்கு.

கோப்பி கோசோங்

நல்ல விளக்கம் தாத்தா, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். வயர்ஷார்க் ஏன் "தெரியவில்லை" என்று சொல்லாமல் தைரியமாக எல்பிஏ 1024 என்று போடுகிறது? இத்தனை வருடம் ஓடுகிற மென்பொருள், டேப்பா டிஸ்க்கா என்று கண்டுபிடிக்க வேண்டாமா?

செங்காங் செல்வி

கண்டுபிடிக்கும், கேப்சரில் அதற்கான பாக்கெட் இருந்தால். ஸ்கஸியில் ஒரு சாதனம் தான் யார் என்று சொல்வது இன்குயரி என்ற கட்டளைக்கு (ஆப்கோட் 12) வரும் பதிலில். அந்தப் பதிலின் முதல் பைட்டில் கடைசி ஐந்து பிட்தான் சாதன வகை: 00 டிஸ்க், 01 டேப், 05 சிடி டிவிடி, 08 டேப் மாற்றும் இயந்திரக் கை. வயர்ஷார்க் இந்தப் பதிலைப் பார்த்தால் அந்த டார்கெட் (கட்டளையை வாங்கும் பெட்டி), அந்த லன் (அதற்குள் இருக்கும் சாதனத்தின் எண்) இன்ன வகை என்று நினைவில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு வருவதை அந்த அகராதிப்படி விரிக்கும்.

இன்குயரி போவதோ பெரும்பாலும் செஷன் தொடங்கும் நேரத்தில். வாரக்கணக்கில் நிற்கும் ஒரு ஐஸ்கஸி செஷனின் நடுவில் போய்க் கேப்சர் எடுத்தால் அது இருக்காது. அப்போது ஒரு டிஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும், அது டிஸ்க். கோப்பி அண்ணே, தைரியமாகப் போடுகிறது என்பது முழு உண்மையும் இல்லை. தம்பி, சிடிபியை விரித்தால் சதுர அடைப்புக்குள் கமாண்ட் செட் என்று ஒரு வரி இருக்கும், அதன் முடிவில் "யூசிங் டிஃபால்ட் கமாண்ட்செட்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரியும் ஊகம். நான் பார்த்தவரை அந்த வரியை யாருமே வாசிப்பதில்லை, மேலே தகவல் நெடுவரிசையில் தடித்துத் தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆதரவுப் பிரிவில் இருந்தவரும் அதையேதான் வாசித்திருக்கிறார்.

சரி செய்ய இரண்டு வழி. ஒன்று, எடிட், பிரிஃபரன்சஸ், புரோட்டோகால்ஸ், ஸ்கஸி. டார்கெட்டை அடையாளம் காண முடியாதபோது எப்படி விரிக்க வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். டிஸ்க், சீக்வென்ஷியல், ஆப்ஜெக்ட் அடிப்படையிலானது, மீடியம் சேஞ்சர், மல்டிமீடியா. சீக்வென்ஷியல் என்று மாற்றினால் டேப். இதன் குறை, முழு புரொஃபைலுக்கும் ஒரே மதிப்புதான். ஒரே கேப்சரில் டிஸ்க்கும் டேப்பும் இருந்தால் ஒன்று சரியாகும், மற்றது கெடும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. கேப்சரைத் தொடங்கிவிட்டு, பேக்கப் சர்வரில் எஸ்ஜி3 யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள எஸ்ஜி_இன்க் கட்டளையை அந்த டேப் சாதனத்தின் மேல் ஒருமுறை ஓட்டுங்கள், கூடுதல் ஆப்ஷன் எதுவும் இல்லாமல். வயரில் ஒரு இன்குயரியும் பதிலும் போகும், வயர்ஷார்க் கற்றுக்கொள்ளும். செஷனை அறுக்க வேண்டியதில்லை. எல்எஸ்ஸ்கஸி ஓட்டினால் பலன் இல்லை, அது கெர்னல் ஏற்கனவே வைத்திருப்பதை சிஸ்எஃப்எஸ்ஸிலிருந்து படித்துக் காட்டுவது, வயரில் எதுவும் போகாது.

டேப் தாத்தா

செல்வி சொன்னதோடு ஒன்று. இன்குயரி சாது. வேறு சர்வர் ரிசர்வ் செய்து வைத்திருந்தாலும் பதில் வரும், காத்திருக்கும் யூனிட் அட்டென்ஷனையும் (டேப் மாறியது போன்ற எச்சரிக்கை) அழிக்காது. ஆனால் "உயிரோடு இருக்கிறதா பார்ப்போம்" என்று பேக்கப் ஓடும்போது டெஸ்ட் யூனிட் ரெடி அனுப்பிவிடாதே. பேக்கப் மென்பொருளுக்குப் போக வேண்டிய எச்சரிக்கையை நீ வாங்கிக்கொண்டு விடுவாய், அப்புறம் அது டேப் மாறியதே தெரியாமல் எழுதும்.

தெம்பனிஸ் தம்பி

சீக்வென்ஷியல் மாற்றியதும் எல்லாம் தெளிவாகிவிட்டது, "டிஃபால்ட் கமாண்ட்செட்" வரியும் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. ஆனால் எனக்கு முறையாகவே செய்ய ஆசை, அதனால் பராமரிப்பு நேரத்தில் செஷனை லாக் அவுட் செய்து மறுபடி லாகின் செய்து, தொடக்கத்திலிருந்தே கேப்சர் எடுத்தேன். இன்குயரி கட்டளை கண்ணெதிரே இருக்கிறது, ஆப்கோட் 12. ஆனாலும் டிஃபால்டுக்கு வைத்தால் மறுபடி எல்பிஏ 1024தான்! எஸ்ஜி_இன்க் ஓட்டியும் பார்த்தேன், அதே கதை.

செங்காங் செல்வி

ஐஸ்கஸி ஆப்கோட் 25 என்று ஃபில்டர் போட்டுப் பாருங்கள், அது டேட்டா இன், டார்கெட்டிலிருந்து தரவு வரும் பாக்கெட். அப்புறம் 21, அது ஸ்கஸி ரெஸ்பான்ஸ். இரண்டிலும் எத்தனை வருகிறது?

தெம்பனிஸ் தம்பி

இரண்டிலும் ஒன்றுகூட இல்லை.

...

கேப்சர் எடுக்கும் ஸ்கிரிப்ட் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்தது. இப்போதுதான் திறந்து பார்க்கிறேன், டெஸ்டினேஷன் போர்ட் 3260 என்று ஃபில்டர் இருக்கிறது. கோப்பு பெரிதாகிவிடக் கூடாது என்று போட்டிருப்பார் போல.

செங்காங் செல்வி

அதேதான். கேள்வி போகிற திசை மட்டும் இருக்கிறது, பதில் வருகிற திசை இல்லை. சாதன வகை இருப்பது பதிலில். ஸ்பான் போர்ட்டில் (போக்குவரத்தைப் பிரதி எடுத்துத் தரும் சுவிட்ச் போர்ட்) ஒரு திசையை மட்டும் பிரதி எடுத்தாலும் இதே நோய் வரும், அங்கே கண்டுபிடிப்பது இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் ஸ்கிரிப்ட்டில் எதுவும் தெரியாது. ஐஸ்கஸியில் ஆப்கோட் 20இலிருந்து மேலே உள்ளவை எல்லாம் டார்கெட் பேசுவது. அவை ஒன்றுமே இல்லாத கேப்சர் அரைக் கேப்சர். டெஸ்டினேஷன் என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் போர்ட் 3260 என்று வையுங்கள்.

ஒரு திசை மட்டும் இருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு கட்டளைக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று வயர்ஷார்க்கால் கணக்குப் போட முடியாது. உங்கள் வேலைக்குத் தேவையான ஒரே எண் அதுதான்.

கோப்பி கோசோங்

தம்பி அந்தக் கேப்சரை எங்கேயாவது ஏற்றி லிங்க் கொடுத்தால் நாங்களும் பார்ப்போமே.

மட்டுறுத்துநர்

வேண்டாம். பேக்கப் கேப்சரில் டேட்டா அவுட் பாக்கெட் ஒவ்வொன்றிலும் உண்மையான கோப்புகள் இருக்கும். ஐஸ்கஸி தானாகக் குறியாக்கம் செய்வதில்லை. வாடிக்கையாளர் விவரம் அதில் இருந்தால் பிடிபிஏ (சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) சிக்கல். பைட்டுகளைக் கையால் தட்டிப் போடுங்கள், அது போதும்.

கோப்பி கோசோங்

சரி சரி. எடிட்கேப் வைத்து ஒவ்வொரு பாக்கெட்டையும் முதல் 128 பைட்டோடு வெட்டிவிட்டால்? ஈதர்நெட் 14, ஐபி 20, டிசிபி 20, டைம்ஸ்டாம்ப் ஆப்ஷன் 12, ஆக 66. ஐஸ்கஸி தலைப்பு 48. மொத்தம் 114. சிடிபி தப்பித்துவிடும், தரவு போய்விடும்.

செங்காங் செல்வி

கணக்கு சரி அண்ணே, ஆனால் அது ஒவ்வொரு ஐஸ்கஸி தலைப்பும் ஒரு பாக்கெட்டின் தொடக்கத்தில்தான் வரும் என்று நம்புகிறது. டிசிபிக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை, அதற்கு எல்லாமே ஒரே பைட் ஓட்டம். முந்தைய ரைட்டின் தரவு முடிந்த இடத்திலேயே, அதே செக்மெண்டின் நடுவில், அடுத்த கட்டளையின் தலைப்பு தொடங்கலாம். வெட்டினால் அது போச்சு. வெட்டிய பாக்கெட்டுகளை வயர்ஷார்க் ஒட்டிச் சேர்க்கவும் முடியாது. சர்வரிலேயே எடுத்த கேப்சரானால் இன்னும் மோசம், டிஎஸ்ஓ இருந்தால் நெட்வொர்க் கார்டு பின்னால் பிரிக்கப்போகும் 64 கேபி வரையிலான பெரிய துண்டு ஒரே பாக்கெட்டாகத் தெரியும், அதன் வயிற்றுக்குள் எத்தனை தலைப்பு வேண்டுமானாலும் இருக்கும். வெட்டிய கேப்சரை வைத்து "இத்தனை கட்டளைதான் போயிற்று" என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கேப்சர் சுவிட்சில் எடுப்பதா சர்வரில் எடுப்பதா என்பது தனிச் சண்டை, அதை இங்கே தொடங்க வேண்டாம்.

என்விஎம்இ பித்தன்

இன்னும் ஐஸ்கஸியா? நாங்கள் என்விஎம்இ டிசிபிக்கு (ஸ்கஸிக்குப் பதிலாக வேறு கட்டளை மொழி) மாறிவிட்டோம், இந்த டேப்பா டிஸ்க்கா குழப்பமே கிடையாது :)

டேப் தாத்தா

அப்படியா தம்பி? அட்மின் க்யூவில் (நிர்வாகக் கட்டளைகளின் வரிசை) ஆப்கோட் 02 என்றால் என்ன?

என்விஎம்இ பித்தன்

கெட் லாக் பேஜ்... ஐஓ க்யூவில் 02 என்றால் ரீட். சரி, வம்பில் மாட்டிக்கொண்டேன்.

உண்மையில் இங்கேயும் அதே பிரச்சனை, உருவம் வேறு. என்விஎம்இ டிசிபியில் ஒவ்வொரு க்யூவும் ஒரு தனி டிசிபி இணைப்பு, வழக்கமாகப் போர்ட் 4420. எந்த இணைப்பு அட்மின், எது ஐஓ என்பதை அந்த இணைப்பின் தொடக்கத்தில் போகும் கனெக்ட் கட்டளையில் (ஆப்கோட் 7எஃப், ஃபேப்ரிக்ஸ் வகை 01) இருக்கும் க்யூ எண்தான் சொல்கிறது. 0 என்றால் அட்மின். அதைத் தவறவிட்டு நடுவில் கேப்சர் எடுத்தால் 02 ரீட்டா லாக் பேஜா என்று பாக்கெட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஒரு இணைப்பில் 18, அதாவது கீப் அலைவ், சீராக வந்துகொண்டிருந்தால் அது அட்மின் என்று ஊகிக்கலாம். கையால் வாசிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு பள்ளம்: ஸ்கஸியில் பெரிய பைட் முன்னால், என்விஎம்இயில் சின்ன பைட் முன்னால். அப்புறம் பிளாக் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், 07 என்று இருந்தால் 8 பிளாக்.

தெம்பனிஸ் தம்பி

இரண்டு திசையும் எடுத்தாயிற்று. எஸ்ஜி_இன்க் ஓட்டியதும் வயர்ஷார்க் தானாகவே டேப் என்று பிடித்துக்கொண்டது, பிரிஃபரன்ஸ் எதையும் தொடவில்லை.

ஸ்டாடிஸ்டிக்ஸ், சர்வீஸ் ரெஸ்பான்ஸ் டைம், ஸ்கஸி என்று போய் டேப் தொகுதியைத் தேர்ந்தெடுத்தேன். ரைட்(6) சராசரி 2 மில்லிசெகண்டுக்குப் பக்கம். ரைட் ஃபைல்மார்க்ஸ் சராசரி ஒன்றரை விநாடி! ஒவ்வொரு 400 ரைட்டுக்கும் ஒரு ஃபைல்மார்க் வருகிறது, கிட்டத்தட்ட கடிகாரம் போல. இது சாதாரணமா?

டேப் தாத்தா

இப்போதுதான் விஷயத்துக்கு வந்தாய்.

10 00 00 00 01 00. இரண்டாவது பைட்டின் கடைசி பிட் இம்மீடியட். 0 என்றால், இடைநினைவில் இருப்பது எல்லாம் ஊடகத்தில் இறங்கி, மார்க்கும் எழுதிய பிறகுதான் "முடிந்தது" என்று பதில் வரும். அடுத்த மூன்று பைட் எத்தனை மார்க் என்பது, உனக்கு ஒன்று. ஆக ஒவ்வொரு ஃபைல்மார்க்கும் ஒரு முழு ஃப்ளஷ். சில மென்பொருள் எண்ணிக்கையில் 0 போட்டு அனுப்பும், அது மார்க் எழுதாமல் ஃப்ளஷ் மட்டும் செய்ய. வேலை ஒன்றுதான்.

கணக்கைப் பார். 400 ரைட் பெருக்கல் 2 மில்லிசெகண்ட், 0.8 விநாடி. அதன் பிறகு 1.5 விநாடி சும்மா நிற்கிறது. டேப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் போகும், டிஸ்க் மாதிரி முப்பதை வரிசையில் தள்ள முடியாது, அதனால் அந்த ஒன்றரை விநாடியில் வயர் காலி. நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் போகிறது. நொடிக்கு 130 எம்பி போக வேண்டிய இடத்தில் 45 போகிறது. இதற்கு நெட்வொர்க்கைத் திட்டி என்ன பயன்.

இன்னொன்று. 400ஐ 256 கேபியால் பெருக்கு. அச்சுப் பிசகாமல் 100 எம்பி. யாரோ ஒருவர் பேக்கப் மென்பொருளின் அமைப்பில் செக்பாயிண்ட் (எத்தனை எம்பிக்கு ஒருமுறை பத்திரப்படுத்துவது) 100 என்று ஒரு கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார். பழைய மெதுவான டிரைவ் காலத்து மதிப்பாக இருக்கும். போய்க் கேள்.

கோப்பி கோசோங்

இம்மீடியட் பிட்டை 1 ஆக்கிவிட்டால் உடனே பதில் வந்துவிடுமே, செக்பாயிண்ட்டைத் தொட வேண்டாமே?

டேப் தாத்தா

வரும். ஆனால் பதில் வந்த நேரத்தில் தரவு இன்னும் இடைநினைவில் நிற்கலாம். "இதுவரை பத்திரம்" என்று கேட்டலாக்கில் எழுதிவிட்டு, மின்சாரம் போனால் அந்தக் குறிப்பு பொய். செக்பாயிண்ட் என்று ஒன்று வைப்பதே அந்த உத்தரவாதத்துக்காக. இடைவெளியைப் பெரிதாக்கு, உத்தரவாதத்தைத் தொடாதே. இடைவெளி பெரிதானால் நடுவில் அறுந்துபோகும் வேலையில் திரும்ப எழுத வேண்டியது கூடும், அவ்வளவுதான்.

செங்காங் செல்வி

ஃபைல்மார்க் தீர்ந்த பிறகு அந்த 2 மில்லிசெகண்டையும் விட்டுவிடாதீர்கள். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி சுமார் 50 கிலோமீட்டர்தான். ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் என்று வைத்தால் போய்வர அரை மில்லிசெகண்ட். தாய் செங்கிலிருந்து ஜூரோங் அதைவிடக் குறைவு. மீதி எங்கே போகிறது?

லாகின் பாக்கெட்டுகள் உங்களிடம் இருக்கின்றன அல்லவா, ஆப்கோட் 03, 23. அதில் பேசி முடித்த அளவுருக்களைப் பாருங்கள். இனிஷியல் ஆர்2டி யெஸ், இம்மீடியட் டேட்டா நோ என்று முடிந்திருந்தால், ஒவ்வொரு ரைட்டும் கட்டளையை அனுப்பி, டார்கெட் "அனுப்பு" என்று ஆர்2டி (ஆப்கோட் 31) தரும் வரை காத்திருந்து, அப்புறம்தான் தரவைத் தள்ளும். ஒரு ரைட்டுக்கு இரண்டு முறை போய்வரல். மேக்ஸ் பர்ஸ்ட் லெங்த்தின் (ஒரு ஆர்2டிக்கு அனுப்பக்கூடிய அதிகபட்சம்) டிஃபால்ட் 2,62,144, உங்கள் பிளாக் அளவும் அதே, அதனால் இப்போதைக்கு ஒரு ஆர்2டியில் முடிந்துவிடும். யாராவது உற்சாகத்தில் பேக்கப் பிளாக்கை 1 எம்பி ஆக்கினால் நான்கு ஆர்2டி வரும். ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கக்கூடிய ஆர்2டியின் டிஃபால்ட் ஒன்று என்பதால், நான்கும் ஒன்றன் பின் ஒன்றாக. டிஃபால்ட்டுகள் எல்லாம் ஐஸ்கஸியின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 7143இல் இருக்கின்றன.

தெம்பனிஸ் தம்பி

இனிஷியல் ஆர்2டி யெஸ்தான் அக்கா. இம்மீடியட் டேட்டா யெஸ், ஆனால் ஃபர்ஸ்ட் பர்ஸ்ட் 65,536இல் நிற்கிறது. அப்படியானால் முதல் 64 கேபி வரை கட்டளையோடு போகலாம், மீதிக்கு ஆர்2டி, சரியா?

செங்காங் செல்வி

கட்டளையோடு போவது இன்னும் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் டார்கெட் அறிவித்த மேக்ஸ் ரிசீவ் டேட்டா செக்மெண்ட் அளவையும் தாண்டக் கூடாது. அது எதுவும் அறிவிக்கவில்லை என்றால் 8,192. அதையும் லாகினில் பாருங்கள். மீதிக்கு ஆர்2டி என்பது சரி.

தெம்பனிஸ் தம்பி

சரி, பார்த்து எழுதுகிறேன். செக்பாயிண்ட் 100 என்று இருந்ததைப் பேக்கப் குழு ஒப்புக்கொண்டது, 2 ஜிபி ஆக்கி ஒரு வேலையை மட்டும் இந்த வாரம் ஓட்டிப் பார்ப்பார்களாம். ஆதரவுப் பிரிவுக்குப் புதிய ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். அதே கேப்சரில் வேறொரு டார்கெட்டுக்கு ஆப்கோட் ஏ5 என்று ஒரு கட்டளை போகிறது, வயர்ஷார்க் அதற்குப் பெயர் தரவில்லை. டிஃபால்ட் கமாண்ட்செட் என்றுதான் காட்டுகிறது. வேலை தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று.

டேப் தாத்தா

அது லைப்ரரியின் கை. சாதன வகை 08. ஏ5 அங்கே மூவ் மீடியம்: பைட் 2, 3 எந்தக் கை, 4, 5 எங்கிருந்து, 6, 7 எங்கே. தொடக்கத்தில் டேப்பை அறையிலிருந்து டிரைவுக்கு எடுத்துப் போகிறது, முடிவில் திருப்பி வைக்கிறது. (சிடி டிரைவின் அகராதியில் இதே ஏ5 பாட்டு போடும் கட்டளை, மல்டிமீடியாவுக்கு மாற்றிவிட்டுச் சிரிக்காதே.)

நீ எஸ்ஜி_இன்க் ஓட்டியது டேப் டிரைவுக்கு மட்டும். கைக்குத் தனி எஸ்ஜி சாதனம் இருக்கும், அதன் மேலும் ஒருமுறை ஓட்டு. அப்புறம் எந்த எண் அறை, எந்த எண் டிரைவ் என்று தெரிய வேண்டுமானால் பி8 என்ற கட்டளையைத் தேடு, ரீட் எலிமெண்ட் ஸ்டேட்டஸ். அதன் பதிலில் வகை 2 என்று வருவது சேமிப்பு அறை, 4 என்று வருவது டிரைவ்.